மந்தரக் கம்பியின் விலை

மாலை ஆறரை ஆனால் எங்கள் மேல்வீட்டுப் பெண் பாட உட்கார்ந்துவிடுவாள். சிங்கப்பூர் ஜாலான் புசாரில் அந்த நேரத்துக்கு வேறு கச்சேரியும் நடக்கும். பேருந்துகள் பெருமூச்சு விட்டு நிற்கும். விளக்குக் கடைகளின் இரும்புக் கதவுகள் கடகடவென்று இறங்கும். ஜாலான் புசார் என்றால் மலாயில் ‘பெரிய சாலை’ என்று பொருள். சாலை பெரிதோ இல்லையோ, இரைச்சல் பெரிது. அதற்குள்தான் அவளுடைய அலங்கார வரிசை. சுருதிக்குக் கைப்பேசித் தம்பூரா. சுவரில் சாய்த்துவைத்த கைப்பேசி, பஞ்சமம், சாரணி, அநுசாரணி, மந்தரம் என்று நான்கு கம்பிகளையும் சலிக்காமல் மீட்டிக்கொண்டே இருக்கும். மூன்றறை வீட்டில் நிஜத் தம்பூராவை எங்கே சாய்த்துவைப்பது என்பது அவள் அப்பாவின் கேள்வி. நியாயமான கேள்விதான்.

ஒருநாள் வேலையற்ற ஆர்வத்தில் இன்னொரு கைப்பேசியை அதன் எதிரே வைத்து, வரும் ஒலியில் எந்தெந்த அதிர்வெண்கள் இருக்கின்றன என்று பார்த்தேன். அவளுக்கு ஐந்து கட்டை. ஆதார ஷட்ஜம் நொடிக்கு 196 அதிர்வு, மந்தரக் கம்பி அதில் பாதி, 98. திரையில் 98 இருக்கவேண்டிய இடம் வெறிச்சென்று கிடந்தது. 196-இலும் ஏதோ நிழல்போல ஒன்றுதான். 294-இல் கொஞ்சம் தலைகாட்டி, 392, 490, 588 என்று மேலே போகப்போகத்தான் கோடுகள் நிமிர்ந்து நின்றன. ஆனால் காதில் மந்தரம் தெளிவாகக் கேட்டுக்கொண்டிருந்தது. கருவி பார்க்காததைக் காது கேட்கிறது.

இதில் மாயம் ஏதுமில்லை. 294, 392, 490 ஆகியவற்றின் இடைவெளி ஒவ்வொன்றும் 98. இப்படிச் சம இடைவெளியில் வரிசையாக ஒலிகள் வந்தால், இவை எல்லாம் ஒரே கம்பியின் பிள்ளைகள், தாய் 98 என்று மூளை முடிவுகட்டி, வராத தாயையும் நமக்குக் கேட்கவைத்துவிடும். ஆகஸ்ட் ஸீபெக் என்ற ஜெர்மானியர் 1840களில் துளையிட்ட சைரன் தட்டுகளைச் சுழற்றி இதைக் காட்டினார். மின்தடை விதிக்குப் பெயர் கொடுத்த ஓம் அதை ஏற்காமல் அவரோடு சண்டைக்கு நின்றார். பழைய தொலைபேசிக் கம்பியில் 300-க்குக் கீழே எதுவும் போகாது. அப்படியிருந்தும் தாத்தாவின் கட்டைக்குரல் கட்டைக்குரலாகவே ஊரிலிருந்து வந்து சேர்ந்ததற்கு இதுதான் காரணம்.

சிம் லிம் டவரில், ஜாலான் புசார் 10ஆம் எண் கட்டடத்தில், ஒலிபெருக்கி உதிரிப் பாகங்கள் விற்கும் ஒருவரிடம் இதைச் சொன்னேன். அவர் கைப்பேசியை வாங்கித் திருப்பிப் பார்த்துவிட்டு, “இந்தச் சின்ன ஓட்டைல அவ்வளவு காத்த எப்படிண்ணே தள்ளும்?” என்றார். அவ்வளவுதான் விஷயம். ஒரு சுரத்தை ஒரு ஸ்தாயி இறக்கி, அதே அழுத்தத்தோடு கேட்கவைக்க வேண்டுமானால் நான்கு மடங்கு காற்றைப் புரட்ட வேண்டும். போதாததற்கு நம் காதும் தாழ்ந்த ஒலிக்கு மந்தம். மெல்லிய ஓசை அளவில், 50 அதிர்வுள்ள ஒலி 1000 அதிர்வுள்ள ஒலிக்குச் சமமாகக் கேட்க 35 டெசிபலுக்கும் மேல் கூடுதலாகத் தரவேண்டியிருக்கிறது. தாழ்ந்த ஒலி விலை கூடிய சரக்கு. மின்சாரம் இல்லாத காலத்தில், ஒரு மரப்பெட்டி, சில நரம்புகள், ஒரு மனிதனின் கட்டைவிரல் ஆகியவற்றை மட்டும் வைத்துக்கொண்டு அந்த விலையை எப்படிக் கொடுத்தார்கள் என்று தேடப்போய்த்தான் நான் தியோர்போ என்ற, லூட் வகைப் பழைய ஐரோப்பிய மீட்டுகருவியில் வந்து விழுந்தேன்.

தியோர்போவை முதலில் பார்ப்பவர்களுக்குச் சிரிப்பு வரும். வீணையின் குடத்தைக் குறுக்காகப் பிளந்ததுபோல் ஒரு வயிறு. அதிலிருந்து தண்டி கிளம்பும். பிரடைகள் வரும். முடிந்தது என்று நினைத்தால் முடியாது. தண்டி இன்னொரு மடங்கு மேலே ஓடி, அங்கே இரண்டாவது பிரடைக் கூட்டம். உட்கார்ந்து வாசிப்பவரின் தலைக்கு மேலே ஒட்டகச்சிவிங்கி எட்டிப்பார்ப்பதுபோல் இருக்கும். வழக்கமாக 14 நரம்பு வரிசைகள். முதல் ஆறும் மெட்டுகளின்மேல் ஓடும். நீளம் ஏறக்குறைய 85 செ.மீ. மற்ற எட்டும் மெட்டைத் தொடாமல் பக்கவாட்டில் தொங்கி, உச்சிப் பிரடை வரைக்கும் போகும். அவற்றின் நீளம் 150 முதல் 170 செ.மீ. ஒவ்வொன்றுக்கும் ஒரே சுரம். விரல் வைக்க வேண்டியதில்லை, கட்டைவிரலால் தட்டினால் போதும். ஒரு நரம்புக்கு ஒரு சுரம் என்பது நம் யாழின் இலக்கணம். விபுலாநந்த அடிகள் 1947-இல் ‘யாழ் நூல்’ வெளியிட்டபோது கணக்குப் போட்டுக் காட்டியதும் இந்த நரம்புகளைத்தான். ஆக, தியோர்போவின் பாதி வீணை, பாதி யாழ் என்று சொன்னால் தமிழ்க் காதுக்கு அது அதிகம் தப்பாகாது.

ஏன் இவ்வளவு நீளம்? கம்பியின் சுரத்தை மாற்ற மூன்றே வழிகள்: நீளம், இழுவிசை, எடை. நீளத்தை இரட்டித்தால் ஒரு ஸ்தாயி இறங்கும். இழுவிசையை வைத்து அதே ஸ்தாயியை இறக்க அதை நான்கில் ஒன்றாக்க வேண்டும். எடையால் என்றால் நான்கு மடங்காக்க வேண்டும். இதை முழு விதியாக எழுதிவைத்தவர் பிரெஞ்சுப் பாதிரியார் மரன் மெர்சென், 1636-இல். ஆனால் அதற்கு முன்பே ஃபிளாரன்ஸ் நகரில் ஒரு லூட் வாத்தியக்காரர் கம்பிகளில் எடைகளைத் தொங்கவிட்டுப் பார்த்து, ஸ்தாயிக்கு 2:1 எடை போதும் என்று பித்தாகரஸ் பெயரால் பல நூற்றாண்டாகச் சொல்லிவந்தது பொய், 4:1 வேண்டும் என்று 1589-இல் அச்சில் போட்டார். அவர் பெயர் வின்சென்ஸோ கலிலேயி. நமக்குத் தெரிந்த கலிலியோவின் அப்பா. அந்தப் பையனும் நன்றாக லூட் வாசித்தவர்தான். பெரியவர்கள் சொன்னால் போதாது, தொங்கவிட்டுப் பார்க்கவேண்டும் என்ற புத்தி அந்த வீட்டில் ஒரு வாத்தியத்திலிருந்து வந்திருக்கலாம் என்று நினைப்பதில் எனக்கு ஒரு தனி மகிழ்ச்சி.

அன்றைய நரம்பு என்பது நிஜமாகவே நரம்பு: ஆட்டுக்குடலை முறுக்கிக் காயவைத்தது. எடையைக் கூட்டத் தடிமனைக் கூட்டினால், அது கயிறாக இருப்பதை விட்டுவிட்டுக் கம்பாகிவிடும். வளைய மறுக்கும். வளைய மறுக்கும் கம்பியின் பிள்ளைகளான மேற்சுரங்கள் ஒழுங்கான இடைவெளியில் வராமல் சற்றுச் சற்று உயர்ந்து விலகிப்போகும். அப்போது தாயைக் கண்டுபிடிக்க மூளைக்குப் பிடிமானம் கிடைக்காது, சத்தம் சேற்றில் கல் விழுந்ததுபோல் இருக்கும். இழுவிசையைக் குறைத்தால் நரம்பு தொளதொளவென்று அடித்துக்கொள்ளும். மிச்சம் இருப்பது நீளம் ஒன்றுதான். ஆகவே கழுத்தை நீட்டினார்கள். 1594-இல் பாதுவாவில் இப்படி ஒன்றைச் செய்யச்சொன்னவன் நானே என்று அலெஸ்ஸாண்ட்ரோ பிச்சினினி 1623-இல் வந்த தன் புத்தகத்தில் உரிமை கொண்டாடுகிறார். ஃபிளாரன்ஸ்காரர்கள் தங்கள் ஊர் அந்தோனியோ நால்தியைச் சொல்கிறார்கள். எது எப்படியோ, 1590களின் இத்தாலி.

நீட்டியதற்கு ஒரு தண்டம் கட்டவேண்டி வந்தது. இந்த இடம்தான் எனக்கு மிகவும் பிடித்தது. ஒரு நரம்பு எந்த உயரத்தில் அறும் என்பது அதன் தடிமனைப் பொறுத்ததல்ல. தடித்த நரம்பு அதிக இழுவை தாங்கும்; அதே அளவுக்கு, சுரத்தை எட்ட அதற்கு அதிக இழுவை தேவையும்படும். இரண்டும் கழிந்துபோய், நீளமும் பொருளும் மட்டும் தீர்ப்புச் சொல்லும். ஆட்டுக்குடலுக்கு, மீட்டர் கணக்கில் நீளத்தையும் அதிர்வெண்ணையும் பெருக்கினால் 260-ஐத் தாண்டக்கூடாது. 60 செ.மீ. சாதாரண லூட்டில் 392 அதிர்வு வரை மேல் நரம்பை முறுக்கலாம். பெருக்கினால் 235, பிழைத்துக்கொள்ளும். தியோர்போவின் 85 செ.மீ.-இல் ஏறக்குறைய 300-ஐத் தாண்டினாலே படாரென்று முகத்தில் அடிக்கும். முதல் நரம்புக்கு 440, இரண்டாவதுக்கு 330 வேண்டியிருந்தது. இரண்டுமே நடக்காது. ஆகவே அந்த இரண்டையும் ஒரு ஸ்தாயி கீழே இறக்கிவிட்டார்கள். இப்போது மூன்றாவது நரம்புதான் கருவியிலேயே உயர்ந்த சுரம். தெரியாதவர் கையில் கொடுத்தால் யாரோ பிரடைகளைத் தவறாகத் திருகிவிட்டார்கள் என்றுதான் நினைப்பார்.

விளைவு என்ன ஆயிற்று? விரல்களால் எத்தனை சுரங்களைக் கூட்டி வாசித்தாலும் அவை எல்லாம் ஆண்குரலின் எல்லைக்குள்ளேயே நெருங்கிக் குவியும். பாடுகிறவரின் மேல்ஸ்தாயிக்குள் மூக்கை நுழைக்கவே அந்தக் கருவிக்கு வழியில்லை. நரம்பு அறும் என்ற பயத்தில் செய்த ஏற்பாடு, பாட்டுக்குப் பக்கவாத்தியம் வாசிக்கவே பிறந்த கருவியாக அதை ஆக்கிவிட்டது. பாடகர் ஜூலியோ கச்சினி 1602-இல், குரலுக்கு, அதிலும் ஆண்குரலுக்கு, இதைவிடப் பொருத்தமான துணை இல்லை என்று எழுதிவைத்தார். இசையமைப்பாளர் மொந்தவெர்தி 1607-இல் மாந்துவா அரண்மனையில் அரங்கேற்றிய ‘ஓர்ஃபேயோ’ இசைநாடகத்தை 1609-இல் அச்சிட்டபோது, அதன் வாத்தியப் பட்டியலில் இது இடம்பெற்றது.

அந்தக் காலத்து ஐரோப்பிய இசைக்கு நாம் வைத்திருக்கும் பெயர் பரோக்; 1600-இலிருந்து 1750 வரை என்று வைத்துக்கொள்ளலாம். அதன் முதுகெலும்பு பாஸோ கன்டினுவோ, இடைவிடாத அடிக்குரல். மேலே பாட்டோ வயலினோ போகும். கீழே ஒரு அடிவரி ஓடிக்கொண்டே இருக்கும். அந்த வரி மட்டும்தான் தாளில் இருக்கும், சில சுரங்களின்மேல் 6, 7 என்று எண்கள் குறித்திருக்கும். அந்த எண்ணைப் பார்த்து நடுவில் என்னென்ன சுரங்களை நிரப்புவது, எப்போது சும்மா இருப்பது என்பதெல்லாம் வாசிப்பவர் அப்போதைக்கு அப்போதே முடிவு செய்வது. எழுதிக்கொடுத்ததை அப்படியே வாசிப்பதுதான் மேற்கத்திய இசை என்று நம்மில் பலர் நினைக்கிறோம். கன்டினுவோக்காரர் ஒருவரை நம் சபா மேடையில் மிருதங்கத்துக்கு அருகில் உட்காரவைத்தால் அவருக்கு அந்த இடம் புதிதாக இருக்காது.

அடிவரிக்கு வில் போட்டு இழுக்கும் பெரிய வயலின்கள் அப்போதே இருந்தனவே, மீட்டுகிற கருவி எதற்கு என்று கேட்கலாம். இருந்தன. வயலின் கலைஞர் கொரெல்லி 1681-இல் அச்சிட்ட தன் முதல் சொனாட்டாத் தொகுப்பின் முகப்பிலேயே, அடிவரிக்கு வயலோனே அல்லது ஆர்ச்லூட் என்று போட்டிருக்கிறார். வயலோனே அந்தப் பெரிய வயலின்களில் ஒன்று. ஆர்ச்லூட் தியோர்போவின் தம்பி. உடல் சிறிது, கழுத்து இதற்கும் நீளம்தான். அந்த ‘அல்லது’ எனக்கு யோசனை தந்தது. வில்லால் இழுத்த 41 அதிர்வுச் சுரத்தில் ஒரு அதிர்வு முடியவே 24 மில்லி வினாடி ஆகும். கம்பி வில்லைப் பிடித்துக்கொண்டு ஒழுங்கான ஆட்டத்துக்கு வரப் பல அதிர்வுகள் வேண்டும். வேகமான பாட்டில் அந்தத் தாமதம் காதில் விழும். மீட்டிய நரம்போ நகம் விட்ட நொடியிலேயே முழுமையாகப் பேசிவிடும். சுரம் எப்போது தொடங்கியது என்பதில் யாருக்கும் சந்தேகம் இராது. தாளக்கருவி இல்லாத அந்தக் குழுக்களில் தாளத்தைச் சொன்னதே இந்த நகம்தான்.

பேசியபின் அது அடங்கியும்விடும். இதை நான் ஒரு குறையாக நினைத்திருந்தேன். ஒலியியல் படித்தபிறகு மாற்றிக்கொண்டேன். ஆல்ஃப்ரட் மேயர் என்ற அமெரிக்கர் 1876-இலேயே கவனித்துச் சொன்னது: தாழ்ந்த ஒலி உயர்ந்த ஒலியை மறைக்கும், உயர்ந்தது தாழ்ந்ததை அப்படி மறைக்காது. உட்செவியில் அலை நுழையும் வாசற்பக்கம் உயர்ந்த சுரங்களின் இடம். தாழ்ந்த சுரங்கள் உள்ளே கடைசியில். கடைசி வீட்டுக்குப் போகிற லாரி, தெருவில் உள்ள எல்லா வீட்டு வாசலையும் குலுக்கிவிட்டுத்தான் போகும். ஆகவே நீண்டு ஒலிக்கும் தாழ்சுரம் பாடகரின் மெய்யெழுத்துகளைத் தின்றுவிடும். மீட்டிய சுரம் அடியைக் காட்டிவிட்டு விலகி வழிவிடும். ஆர்கனும் வயலோனேயும் கோயிலை நிரப்பலாம். சாகப்போகிறேன் என்று ஒருத்தி பாடும்போது ஒவ்வொரு சொல்லும் புரியவேண்டுமென்றால் தியோர்போ வேண்டும்.

நம் ஆட்களுக்கு இதைப் புரியவைக்க இளையராஜாவை இழுப்பதே சுருக்கமான வழி. அவருடைய 1980களின் பாடல்களில் பேஸ் கிட்டாரை மட்டும் தனியே பிடித்துக்கொண்டு கேட்டுப் பாருங்கள். பாட்டு ஒரு வழியில் போக, கீழே அது தன் போக்கில் இன்னொரு பாட்டாக நடக்கும். மெட்டை மிதிக்காமல், அதை வேறு வெளிச்சத்தில் திருப்பிக் காட்டும். அடிவரி தானே ஒரு குரலாக நடப்பது பரோக் பழக்கம். அவர் அதை மறைக்கவும் இல்லை: 1986-இல் வந்த ‘ஹவ் டு நேம் இட்’ தொகுப்பைத் தியாகராஜருக்கும் பரோக் இசையமைப்பாளர் பாக்குக்கும் சேர்த்தே காணிக்கையாக்கினார். பேஸ் கிட்டாருக்குக் கழுத்து நீளவில்லையே என்றால், அதற்கு மின்சாரம் இருக்கிறது. இன்னொன்றும் இருக்கிறது, அதைத்தான் இப்போது சொல்லவேண்டும்.

1660களின் தொடக்கத்தில், நரம்பின்மேல் மெல்லிய உலோகக் கம்பியைச் சுற்றினால் வளையும் தன்மை கெடாமல் எடை மட்டும் கூடுகிறது என்ற செய்தி ஐரோப்பாவில் பரவியது. இவ்வளவு எளிய யோசனை அவ்வளவு தாமதமாக வந்தது வியப்புத்தான். தாழ்ந்த ஒலிக்கு இனி நீளம் கட்டாயமில்லை. தரையில் நிறுத்தி வாசிக்கும் பெரிய வயலின்கள் சுருங்கத் தொடங்கின. 1665-இல் இத்தாலியில் அச்சான ஒரு நூலில் ‘வயலோன்செல்லோ’ என்ற பெயர் முதன்முதலாக எட்டிப்பார்க்கிறது. தியோர்போ உடனே சாகவில்லை. விவால்டி 1716-இல் வெனிஸ் அநாதை இல்லத்துப் பெண்களுக்காக எழுதிய ‘ஜூதித்தா’வில் நான்கு தியோர்போக்கள் கேட்டார், ஹாண்டல் 1724-இலும் லண்டன் மேடையில் வைத்திருந்தார். ஆனால் அரங்கங்கள் பெருத்தன, செல்லோ உரக்கப் பேசியது. அந்த நூற்றாண்டு முடியுமுன் ஒட்டகச்சிவிங்கி அருங்காட்சியகத்துக்குப் போய்விட்டது. இருபதாம் நூற்றாண்டில் பழைய கருவிகளிலேயே பழைய இசையை வாசிக்கவேண்டும் என்று கிளம்பியவர்கள்தான் மீட்டுவந்தார்கள். சிங்கப்பூருக்கும் அந்த அலை வந்தது: வயலின் கலைஞர் ஆலன் சூ 2018-இல் தொடங்கிய ரெட் டாட் பரோக் குழு அந்தக் காலத்து முறையில் வாசிக்கிறது.

சிங்கப்பூரில் தாழ்ந்த குரலில் மீட்டும் லூட்டைப் பார்க்க ஐரோப்பா வரைக்கும் போகவேண்டியதில்லை. ஷென்டன் வே மாநாட்டு மண்டபத்தில் 2001 முதல் இயங்கும் சிங்கப்பூர்ச் சீன இசைக்குழுவின் நடுவரிசையைப் பாருங்கள். முழுநிலவுபோல் வட்டமான உடல், முகத்தில் இரண்டு துளை, நான்கு கம்பி: அதுதான் ருவான். மூங்கில்வன முனிவர் எழுவரில் ஒருவரான, மூன்றாம் நூற்றாண்டு ருவான் சியானின் பெயர் அதற்கு. பெரிய ருவானைத் தா ருவான் என்பார்கள். செல்லோவின் அதே நான்கு சுரங்களுக்குக் கூட்டுகிறார்கள், அடிக்கம்பி 65 அதிர்வு. சீனாவின் பழைய குழுக்களில் குழலும் இரண்டுகம்பி வயலின்களுமாக மேல்வீடு நிறைந்திருந்தது, கீழ்வீட்டில் ஆளில்லை. ஐரோப்பிய மாதிரியில் பெரிய வாத்தியக் குழு அமைக்கவேண்டும் என்று இருபதாம் நூற்றாண்டின் நடுவில் முடிவெடுத்தபோது, வழக்கொழிந்துகொண்டிருந்த ருவானைத் தூக்கி நிறுத்தி, சிறிதும் பெரிதுமாக ஒரு குடும்பமாக்கி, சுற்றுக்கம்பி போட்டு அந்த வீட்டில் குடிவைத்தார்கள். கழுத்தை நீட்டவேண்டிய தேவை இல்லை; அந்தச் செலவைச் சுற்றுக்கம்பி ஏற்றுக்கொண்டது. மெட்டுகள் 24. நம் வீணைக்கும் 24.

வீணையின் 24 மெட்டு நிலைபெற்றது தஞ்சை இரகுநாத நாயக்கர் அவையில் என்பது மரபு. அவர் ஆண்ட காலம் 1600 முதல் 1634 வரை; இத்தாலியில் தியோர்போவின் பொற்காலமும் ஏறக்குறைய அதே ஆண்டுகள்தான். இன்னும் ஒரு சங்கதி. 1620-இல் டென்மார்க் அரசர் நான்காம் கிறிஸ்டியனுக்குத் தரங்கம்பாடியைக் கொடுத்து, பொன்தகட்டில் தமிழில் ஓலை அனுப்பியவர் இந்த இரகுநாதர். அதே கிறிஸ்டியனின் அவையில் 1606 வரை சம்பளத்துக்கு லூட் வாசித்தவர் ஆங்கிலேயர் ஜான் டௌலண்ட். மிளகு தேடிவந்த கப்பலில் ஒரு வாத்தியக்காரர் வந்திருந்தால் என்று யோசிக்காமலிருக்க முடியவில்லை. வந்தவர்கள் கணக்குப்பிள்ளைகள்.

வீணையில் அனுமந்தரம் மூன்று கட்டைச் சுருதியில் 62 அதிர்வு வரை இறங்கும். ஆனால் அது அடிவரி வாசிப்பதில்லை; ராகம் கீழே இறங்கிவரும்போது மட்டும் தொடப்படும். நம் இசையில் எப்போதும் தரையாக இருப்பது தம்பூராதான். அது தாழ்ந்த ஒலியின் விலையைக் கொடுக்கும் விதமே தனி. சொல்லப்போனால் கொடுப்பதே இல்லை.

தம்பூராவின் குதிரை கத்திமுனைபோல் கூராக இருப்பதில்லை. அகலமாக, மிக மெல்லிய வளைவோடு இருக்கும். கம்பிக்கும் அதற்கும் நடுவே ஒரு பஞ்சுநூல், ஜீவா. கம்பி அதிரும்போது அந்த வளைவில் ஒட்டி ஒட்டிப் பிரியும். சி. வி. ராமன் 1921-இல் இந்திய நரம்புக் கருவிகள் பற்றி ஒரு சிறு கட்டுரை எழுதினார். அவர் கண்டது: ஒரு கம்பியை நட்டநடுவில் மீட்டினால், நடுவில் அசையாப்புள்ளி உள்ள மேற்சுரங்கள் வரக்கூடாது என்பது தாமஸ் யங் காலத்து விதி, தம்பூராவும் வீணையும் அந்த விதியை மதிப்பதே இல்லை, வரக்கூடாத சுரம் பலமாக வருகிறது. மீட்டிய சக்தி கீழ்ச்சுரத்தில் தங்கிவிடாமல், குதிரையின் வளைவில் ஒவ்வொரு முறை உரசும்போதும் கொஞ்சம் கொஞ்சமாக மேற்சுரங்களுக்குக் கைமாறுகிறது. அதனால்தான் தம்பூரா மீட்டிய உடனே உச்சத்தில் இருப்பதில்லை, மீட்டியபின் மலர்கிறது. நன்றாகச் சுருதி சேர்ந்த தம்பூராவில் யாரும் மீட்டாத அந்தர காந்தாரம் கேட்கும் என்று வித்துவான்கள் சொல்வார்கள், சுயம்பு காந்தாரம். மேல்வீட்டுப் பெண்ணின் மந்தரம் 98. அதன் ஐந்தாவது மேற்சுரம் 490. அதுதான் அந்தக் காந்தாரம்.

இப்போது தொடங்கிய இடத்துக்கு வரலாம். தாழ்ந்த ஒலியைக் காற்றில் தள்ளுவது செலவு. தம்பூரா அதன் பிள்ளைகளை மட்டும் கூட்டமாக அனுப்பிவிட்டுத் தாயைக் கேட்பவர் மூளையிலேயே உண்டாக்கிக்கொள்கிறது. கைப்பேசியின் சின்ன ஓட்டைக்கு வேறெந்தக் கருவியைவிடவும் தம்பூரா பொருந்திப்போவது இதனால்தான். தியோர்போவை அதே கைப்பேசியில் போட்டுப் பார்த்தேன். பாதி ஆள் காணாமல் போய்விட்டார்.

இதற்கு ஒரு மறுபக்கம் உண்டு, அதைச் சொல்லாமல் பெருமையடித்தால் நன்றாயிராது. தம்பூராவின் தரை நகராது. நகரும் தரைமேல் நின்றால் ஒரே சுரம் ஒவ்வொரு அடிக்கும் வேறு அர்த்தம் கொள்ளும். மொந்தவெர்தி நான்கே சுரங்களைப் படியிறக்கித் திரும்பத் திரும்ப வாசிக்கவிட்டு, அதன்மேல் ஒரு பெண்ணை அழவைத்தது அந்தப் பலத்தில்தான். நமக்கு அந்த வழி கிடையாது. தரை நகராததால்தான் நம் காந்தாரம் ஓர் இடத்தில் நில்லாமல் அசைந்து கமகமாகிறது; தரையும் ஆடி, சுவரும் ஆடினால் வீடு நிற்காது. கர்நாடக இசைக்குக் கீழே பேஸ் வரி போட்டுக் கலவை செய்யும் மேடைகளில் எனக்கு எப்போதும் ஒரு சின்ன அசௌகரியம் இருக்கும். தோடிக்குக் கீழே பேஸ் நடக்கத் தொடங்கியதும் தோடி நிமிர்ந்து உட்கார்ந்துகொள்கிறது.

நரம்பும் மரமும் வைத்திருக்கிறவர்களுக்கு இந்த ஊரின் ஈரக்காற்று வேறு. சிங்கப்பூரின் சராசரி ஈரப்பதம் 80 விழுக்காட்டுக்கும் மேல். குடல்நரம்பு ஈரத்தைக் குடித்து ஊதும், குளிரூட்டிய அரங்குக்குள் நுழைந்ததும் உலர்ந்து வேறு சுரத்துக்குப் போகும். தியோர்போவில் அப்படி 14. ஜெர்மானியர் மத்தேசன் 1713-இலேயே கிண்டல் செய்திருக்கிறார்: எண்பது வயது லூட்காரர் அறுபது ஆண்டு சுருதி சேர்த்தே கழித்திருப்பாராம். வீணைக்காரர்கள் சிரிக்கவேண்டாம். ஒருமுறை தெரிந்தவர் வீணையைக் காடியின் பின்பெட்டியில் வைத்துவிட்டு மதியச் சாப்பாட்டுக்குப் போனோம். திரும்பிவந்தபோது மெழுகு இளகி, மெட்டுகள் சரிந்து, சதுச்ருதி ரிஷபம் இருக்குமிடத்தில் பெயர் வைக்க முடியாத ஏதோ ஒன்று இருந்தது.

சென்ற மாதம் மேல்வீட்டுப் பெண்ணின் அப்பா மனமிரங்கி, சிம் லிம் டவரிலிருந்து எட்டங்குல ஒலிபெருக்கி ஒன்றை வாங்கிவந்து கைப்பேசியோடு இணைத்தார். முதல்நாள் மாலை நான் மேலே போனேன். இந்த முறை திரையில் 98 நிமிர்ந்து நின்றது. மந்தரம் ஒவ்வொரு முறை விழும்போதும் சன்னல் கண்ணாடிச் சட்டங்கள் கிர்ரென்று கூடச் சேர்ந்து பாடின. அடுத்தநாள் எதிர்வீட்டுச் சீனப் பாட்டி வந்து, பாட்டு நல்லா இருக்கு, ஆனால் என் அலமாரியில் பீங்கான் நடுங்குகிறது என்று மலாயில் மெதுவாகச் சொல்லிவிட்டுப் போனார். மேல்வீட்டுப் பெண்ணும் பெரிதாக வருத்தப்படவில்லை. “எனக்கே பாட்டு சரியா கேக்கல அங்கிள்,” என்று கம்பியைப் பிடுங்கிவிட்டு, கைப்பேசியைப் பழையபடி சுவரில் சாய்த்துவைத்தாள்.